ஜாஸ் பாடகரோடு ஒரு மணித்தியாலம்: திருகோணமலையிலிருந்து இணையவழி உரையாடல் நடத்த நினைக்கும் புதியவர்களுக்கு

பாண் வண்டி வரும் நேரத்தை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எங்கள் முதலாவது உரையாடலில், நியூயோர்க்கில் இருந்த பாடகி ஒரு வரியை மெதுவாகப் பாடிக் காட்டிக்கொண்டிருந்தபோது, உவர்மலையில் எங்கள் ஒழுங்கைக்குள் பாண் ஓட்டோ பீத்தோவனை அலறவிட்டபடி நுழைந்தது. அவர் நிறுத்திவிட்டுச் சிரித்தார். பிறகு அந்த மெட்டையே பிடித்து இரண்டு வரி ஸ்விங்கில், ஜாஸின் துள்ளும் தாள நடையில், பாடினார். அந்தப் பதிவில் இன்றைக்கும் ஆட்கள் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்கும் இடம் அதுதான். எங்களுக்கு அதிர்ஷ்டம். எல்லோரும் சிரிக்க மாட்டார்கள்.

திருகோணமலையில் இருந்துகொண்டு, உலகின் மறுபக்கத்தில் இருக்கும் தேர்ந்த ஜாஸ் பாடகர்களை மாதம் ஒருவராக அழைத்து ஒரு மணித்தியாலம் கதைப்பது நடக்கிற காரியம்தான். ஸ்டூடியோ தேவையில்லை. ஆங்கிலம் சுமாராக இருந்தாலே சமாளிக்கலாம். ஆனால் காது வேலை செய்திருக்க வேண்டும். அவருடைய பாட்டில் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டிக் கேட்கத் தெரிந்தவருக்கு அவர் வாய் திறப்பார். தெரியாதவருக்குப் பத்து வருடமாகச் சொல்லி வரும் அதே பதிலைச் சொல்லிவிட்டுப் போவார். மற்ற எல்லாம், கரண்ட், லைன், மைக், நேர வித்தியாசம் எல்லாம், அதற்குப் பிறகுதான்.

முதல் மூன்று வாரம்: கேட்பது மட்டும்

யாருக்கும் எழுதாதீர்கள். போனில் சூம் கூட இறக்காதீர்கள். கேளுங்கள்.

எங்கள் காதுக்கு ஜாஸ் ஒன்றும் அந்நியமில்லை என்று சிலர் சொல்வார்கள், கர்நாடக இசையில் நிரவலும் கல்பனாஸ்வரமும் இருக்கிறதே என்று. பாதி உண்மை. கையிலிருக்கும் ஒரு பாட்டை எடுத்து, அதன் எலும்பை மாற்றாமல் அந்த இடத்திலேயே புதிதாகச் செய்வது இரண்டு பக்கமும் உண்டு. ஆனால் அவர்களிடம் ஸ்வரங்களின் வரிசையோடு கூடவே, அடியில் ஒன்றன்பின் ஒன்றாக மாறிக்கொண்டே போகும் கோர்ட்டுகள் (chords, சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டுகள்) இருக்கின்றன. பாடகர் என்ன செய்தாலும் அந்த மாற்றங்களுக்கு மேலேதான் நடக்கிறார். இதைக் காதால் பிடிக்க ஒரு சின்னப் பயிற்சி இருக்கிறது.

ஸ்டாண்டர்ட் என்பது ஜாஸ்காரர்கள் எல்லோரும் திரும்பத் திரும்ப எடுத்துப் பாடும் பழைய பாட்டு. அவற்றில் ஏராளமானவை 32 பார் நீளம். பார் என்பது தாளத்தின் ஒரு சின்னத் துண்டு, பாருக்கு நான்கு அடி. எட்டு எட்டாகப் பிரித்தால் நான்கு பகுதி: முதலாவதும் இரண்டாவதும் நாலாவதும் ஒரே மெட்டு, மூன்றாவது மட்டும் வேறு வீதியால் போய் வரும். ஆதி தாளம் போடத் தெரிந்தவர் கணக்குப் பாருங்கள். 128 அடி, சரியாக 16 ஆவர்த்தனம். ஒரு கடதாசியில் 32 பெட்டி கீறி, பாட்டு ஓட ஓட விரலை நகர்த்துங்கள். முதல் நாள் எட்டாவது பெட்டியிலேயே தொலைந்துபோவீர்கள். நாலாம் நாள், பாடகர் சொல்லை விட்டு ஓசையால் மட்டும் பாடிக்கொண்டிருக்கும்போதும் அவர் எந்தப் பெட்டியில் நிற்கிறார் என்று உங்களுக்குத் தெரியும். அந்த நாளில் இருந்து நீங்கள் கேள்வி கேட்கத் தகுதியானவர். இன்னொன்று: எங்கள் கை தானாகவே ஒன்றில் தட்டும். அவர்கள் விரல் சொடுக்குவது இரண்டிலும் நான்கிலும். அதற்குக் கையைப் பழக்க எனக்கு ஒரு வாரம் பிடித்தது.

யாரைக் கேட்பது? எல்லோரையும் கேட்க நேரமில்லை, நாலைந்து பேரோடு தொடங்குங்கள். பில்லி ஹாலிடே (1915–1959), குரல் எட்டும் தூரம் சிறியது, ஆனால் சொல்லைத் தாளத்துக்குப் பின்னால் எவ்வளவு நேரம் பிடித்து வைக்கிறார் என்று பாருங்கள். எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட் (1917–1996), 1960 பெப்ரவரியில் பெர்லின் மேடையில் 'மேக் த நைஃப்' பாடும்போது நடுவில் வரிகளை மறந்துவிட்டார். மறந்ததையே வரியாக்கிப் பாடி முடித்தார், அதற்குக் கிராமி விருதும் கிடைத்தது. சாரா வோனின் கீழ்க் குரல். பெட்டி கார்ட்டர் ஒரே பாட்டுக்குள் வேகத்தை இழுத்தும் தள்ளியும் செய்யும் வேலை. இப்போது இருப்பவர்களில் செசீல் மக்லோரின் சால்வன்ட், குர்ட் எல்லிங், 2023இல் சிறந்த புதிய கலைஞருக்கான கிராமி வாங்கிய சமாரா ஜோய்.

எங்கள் தீவுக்காரர் ஒருவரையும் விட்டுவிடாதீர்கள். இலங்கையில் பிறந்த யோலண்ட் பாவன், 1962இல் ஆனி ரோஸ் விலகிய இடத்துக்கு வந்து, டேவ் லம்பர்ட், ஜோன் ஹென்ட்ரிக்ஸ் இருவரோடும் சேர்ந்து பாடினார். குழுவின் பெயரே அவர் பெயரைச் சேர்த்து மாறியது. அவர்கள் பாடியது வோக்கலீஸ்: சாக்ஸஃபோன்காரரோ ட்ரம்பெட்காரரோ பதிவில் வாசித்த தனி வாசிப்புக்கு, ஸ்வரத்துக்கு ஸ்வரம் சொல் போட்டுப் பாடுவது. ஸ்காட் வேறு, அது பொருளில்லாத ஓசைகளால் அந்த இடத்திலேயே கட்டுவது. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு ஒரு பாடகர் முன்னால் போய் உட்காராதீர்கள். நான் உட்கார்ந்திருக்கிறேன்.

ஒரே பாட்டை மூன்று பேர் பாடியதைத் தேடி, அடுத்தடுத்துக் கேளுங்கள். எங்கே வித்தியாசப்படுகிறது என்று நிமிடத்தையும் செக்கனையும் கொப்பியில் எழுதி வையுங்கள். அந்தக் கொப்பிதான் பிறகு உங்கள் மூலதனம்.

யாரை அழைப்பது

முதலாவது அழைப்பே கிராமி வாங்கியவருக்கு என்று போனால், அவருடைய முகவரின் தானியங்கிப் பதிலோடு கதை முடியும். தேர்ந்த பாடகர் என்றால் பிரபலமானவர் என்று பொருளல்ல. முப்பது வருடம் கிளப்புகளில் பாடி, பகலில் இசைக் கல்லூரியில் வகுப்பெடுக்கும் ஆட்கள் நியூயோர்க், சிக்காகோ, லண்டன், ரொறன்ரோ என்று எங்கும் இருக்கிறார்கள். பாடமெடுப்பவருக்கு, தான் என்ன செய்கிறோம் என்பதைச் சொல்லால் விளக்கவும் வரும். அது எல்லாப் பாடகருக்கும் வராது. கோடை விடுமுறையில் பட்டறை நடத்துபவர்கள், சொந்த இணையத்தளத்தில் நேரடியாகத் தொடர்புகொள்ள வழி வைத்திருப்பவர்கள், இவர்களிடம் தொடங்குங்கள். ரொறன்ரோவிலோ லண்டனிலோ ஜாஸ் படித்த எங்கள் பிள்ளைகள் யாராவது கிடைத்தால் இன்னும் நல்லது. அவர்களுக்குத் தங்கள் ஆசிரியரின் பெயர் தெரியும், வாசலையும் திறந்து விடுவார்கள்.

ஆளைத் தெரிந்தெடுத்ததும், அவர் ஏற்கெனவே எங்கே என்ன பேசியிருக்கிறார் என்று தேடுங்கள். அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனம் 1992இல் தொடங்கி ஜாஸ் கலைஞர்களின் வாய்மொழி வரலாறுகளைப் பதிவு செய்திருக்கிறது, பலவற்றின் எழுத்து வடிவம் இணையத்தில் இலவசம். ஒருவர் பிறந்த ஊர், தாய், தேவாலயம், முதல் மேடை எல்லாம் அப்படி எங்காவது பதிந்திருந்தால் நீங்கள் மறுபடி கேட்க வேண்டியதில்லை. அந்த இருபது நிமிடம் உங்களுக்கு மிச்சம்.

கேட்டு ரசிப்பதற்கும் முறையைப் படிப்பதற்கும் பியானோக் கலைஞர் மேரியன் மக்பார்ட்லன்ட் 1979 முதல் 2011 வரை அமெரிக்கப் பொது வானொலியில் நடத்திய நிகழ்ச்சியைத் தேடுங்கள். அவரும் விருந்தாளியும் பியானோக்களின் முன் உட்கார்ந்து கதைப்பார்கள். கதை தடைப்படும் இடத்தில் கை வாசிக்கும். வாசித்துக் காட்டு என்று கேட்பதே கேள்வியாகும் வித்தை அங்கே இருக்கிறது.

கடிதம்

நான் எழுதிய முதல் மின்னஞ்சல் நாலு பந்தி. அவருடைய குரல் கடல் மாதிரி, எங்கள் ஊரும் கடல், கோணேசர் கோயில் மலையில் நின்று பார்த்தால், இப்படியெல்லாம். பதில் வரவில்லை. இரண்டாவது கடிதத்தில் ஐந்து வரி. நான் யார், எந்த ஊர். உங்கள் இன்ன பதிவில் இரண்டாவது நிமிடம் பதினான்காவது செக்கனில் பியானோ நின்ற பிறகு நாலு பார் தனியே போகிறீர்களே, அது முன்பே பேசி வைத்ததா என்று ஒரு கேள்வி. இதைப் போல ஒரு மணித்தியாலம் கதைக்க வருவீர்களா. கேட்பவர்கள் இருபது இருபத்தைந்து பேர், பெரும்பாலும் தமிழ் பேசுகிறவர்கள். உங்களுக்குத் தரக்கூடியது இவ்வளவு. மூன்றாம் நாள் பதில் வந்தது. அழைப்பை ஏற்கும் முன்னமே அந்தக் கேள்விக்குப் பதில் எழுதியிருந்தார்.

பணம் பற்றிக் கூச்சப்படாமல் எழுதுங்கள். பாடகருக்கு அந்த ஒரு மணித்தியாலம் ஒரு மாணவருக்கு எடுக்கக்கூடிய வகுப்பு நேரம். கொடுக்க முடிந்தால் தொகையைச் சொல்லுங்கள், முடியாவிட்டால் முடியாது என்று முதல் கடிதத்திலேயே சொல்லுங்கள். கடைசி நேரத்தில் தெரிய வருவதுதான் அவமரியாதை. பதிவு செய்வீர்களா, எங்கே போடுவீர்கள், அவர் கேட்டால் வெட்டுவீர்களா, இதையும் அதே கடிதத்தில் முடித்துவிடுங்கள்.

மணிக்கூடு

இரவில் பாடுகிறவர்கள் காலையில் தூங்குவார்கள். எங்கள் முதல் உரையாடலை இரவுச் சாப்பாட்டுக்கு முன் முடிக்கலாம் என்று மாலை 6.30க்கு வைத்தேன். ஜூலை மாதம், நியூயோர்க்கில் காலை 9 மணி. முதல் நாள் இரவு அவருக்குக் கிளப்பில் இரண்டு செட், அதாவது இரண்டு சுற்றுப் பாட்டு. தூக்கக் கலக்கத்தோடு, குரல் இன்னும் எழும்பாமல் வந்து உட்கார்ந்தார். அந்த நேரம்தான் பாண் வண்டிக்கும் நேரம் என்பது வேறு.

நியூயோர்க்கும் ரொறன்ரோவும் ஒரே நேரம். கோடையில் எங்களைவிட ஒன்பதரை மணித்தியாலம் பின்னால், குளிர்காலத்தில் பத்தரை. மாற்றம் நடப்பது மார்ச் இரண்டாவது ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும். லண்டன் நாலரை, குளிர்காலத்தில் ஐந்தரை. அவர்கள் மாற்றுவது மார்ச் கடைசி ஞாயிறும் ஒக்டோபர் கடைசி ஞாயிறும். நாங்கள் மணிக்கூட்டைத் தொடுவதேயில்லை, ஆகவே இந்த ஞாயிறுகளைச் சுற்றிய வாரத்தில் எதையும் வைக்காதீர்கள், யாராவது ஒருவர் ஒரு மணித்தியாலம் காத்திருப்பார். எங்களுக்கு இரவு 8.30 என்பது கோடையில் நியூயோர்க்கில் காலை 11, குரல் விழித்திருக்கும். கலிஃபோர்னியா என்றால் தலைகீழ்: கோடையில் எங்கள் காலை 8.30 அவர்களுக்கு முதல் நாள் இரவு 8. கிழமையும் மாறும் என்பதைக் கடிதத்தில் இரண்டு தரம் எழுதுங்கள். வெள்ளி சனி இரவுகள் அவர்களுக்குத் தொழில் நேரம், திங்கள் இரவு பெரும்பாலும் ஓய்வு. அது எங்களுக்குச் செவ்வாய் காலை. வேலைக்குப் போகிறவர்கள் இருப்பதால், நான் போயா (பௌர்ணமி) விடுமுறை செவ்வாயில் விழுகிறதா என்று நாட்காட்டியைப் புரட்டிப் பார்க்கிற ஆளாகிவிட்டேன்.

கேள்வி

இங்கே கொஞ்சம் நிற்கிறேன், ஏனென்றால் மற்றதெல்லாம் காசு கொடுத்தும் சரிசெய்யலாம், இதை முடியாது.

முதல் உரையாடலுக்கு நான் பன்னிரண்டு கேள்வி எழுதி வைத்திருந்தேன். உங்கள் இசைப் பயணத்தைச் சொல்லுங்கள். ஜாஸ் உங்களுக்கு எதைக் குறிக்கிறது. இளைஞர்களுக்கு என்ன சொல்ல விரும்புகிறீர்கள். அவர் பண்பானவர், ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். முப்பத்தைந்தாவது நிமிடத்தில் எனக்கே கொட்டாவி வந்தது.

என் சின்னம்மா பக்கத்து அறையில் கேட்டுக்கொண்டிருந்தார். கோயிலில் தேவாரம் பாடுகிறவர். ஜாஸ் என்ற சொல்லையே அந்த வாரம்தான் கேள்விப்பட்டார், ஆனால் நான் பழகுவதற்காகப் போட்ட பதிவை வீட்டில் எல்லோரும் போல அவரும் இருபது தரம் கேட்டிருந்தார். கதவடியில் வந்து நின்று கையைக் காட்டினார்.

"தம்பி, நான் ஒண்டு கேக்கலாமோ? அந்தப் பிள்ளை ரெண்டாந்தரம் அந்த வரியைப் பாடேக்க, கடைசிச் சொல்லைப் பிந்திப் போடுறா. மூச்சு முடிஞ்சு போச்சோ, இல்லாட்டி வேணுமெண்டு செய்தவவோ?"

அப்படியே மொழிபெயர்த்தேன். பாடகி நிமிர்ந்து உட்கார்ந்தார். "யார் கேட்டது?" என்றார். சின்னம்மாவைக் கமராவுக்கு முன்னால் இழுத்து வந்தேன். பிறகு இருபது நிமிடம் என்னை இருவரும் மறந்தே போனார்கள். பாடகி அந்த வரியை நேராக ஒரு தரம் பாடினார், பிந்திப் போட்டு ஒரு தரம், இன்னும் பிந்தி, பேஸ் (bass) வாத்தியக்காரர் முகத்தைச் சுளிக்கும் அளவுக்குப் பிந்தி ஒரு தரம். முதல் நாள் ஸ்டூடியோவில் மூச்சுத்தான் முடிந்ததாம். பதிவைத் திரும்பக் கேட்டபோது, அந்தச் சொல் தயங்குவதுதான் பாட்டின் பொருளுக்குப் பொருந்துகிறது என்று விட்டுவிட்டாராம். அதற்குப் பிறகு மேடையில் வேண்டுமென்றே செய்கிறாராம். சின்னம்மா விருத்தத்தில் தான் ஒரு சொல்லை நிறுத்தும் இடத்தைப் பாடிக் காட்டினார். தாளமில்லாமல் எப்படி எங்கே இறங்குவதென்று தெரிகிறது என்று பாடகி கேட்க, "பொருள் முடியேக்க" என்றார் சின்னம்மா.

இதிலிருந்து நாங்கள் எடுத்துக்கொண்ட வழக்கம்: ஒவ்வொரு உரையாடலுக்கும் ஆறு கேள்விதான். ஆறும் பதிவில் ஓர் இடத்தைச் சுட்ட வேண்டும், அல்லது தொழிலின் ஒரு செயலைச் சுட்ட வேண்டும். இடத்தைச் சுட்டுவது கொப்பியிலிருந்து வரும். செயலுக்குச் சில உதாரணம் தருகிறேன். முன்பின் தெரியாத பியானோக்காரரோடு மேடையேறும்போது, வேகத்தை எப்படிச் சொல்லுகிறீர்கள், எண்ணியா, விரலாலா, ஒரு வரியை முணுமுணுத்தா? இந்தப் பாட்டை எந்தச் சுருதியில் பாடுகிறீர்கள், இருபது வயதில் எந்தச் சுருதியில் பாடினீர்கள்? பழைய பாட்டுகளுக்கு முன்னால் ஒரு தொகையறா மாதிரிப் பகுதி உண்டு, பெரும்பாலானோர் விட்டுவிடுகிறார்கள், நீங்கள் விட்டது எதை, வைத்தது எதை, ஏன்? பெண் பாடுவதாக எழுதிய வரியை ஆண் பாடும்போது சொல்லை மாற்றுவீர்களா? கேட்பவர்கள் தட்டோடும் கிளாஸோடும் சத்தம் போட்டுக்கொண்டிருந்தால் என்ன பாட்டு எடுப்பீர்கள்?

வாழ்க்கையைக் கேட்கவே கூடாது என்றில்லை. அதையும் ஒரு பிடியோடு கேளுங்கள். ஷீலா ஜோர்டன் (1928–2025) பல வருடம் அலுவலகத்தில் தட்டச்சு வேலை பார்த்துக்கொண்டே பாடியவர். அப்படி ஒரு விபரம் உங்கள் விருந்தாளியிடமும் இருந்தால், வேலை முடிந்து மேடைக்குப் போகும் அந்த ஒரு மணித்தியாலத்தில் குரலை என்ன செய்வீர்கள் என்று கேட்கலாம்.

பழங்கதைகளை நம்பிக் கேள்வி கட்டாதீர்கள். 1926இல் லூயி ஆம்ஸ்ட்ரோங் பதிவு செய்துகொண்டிருந்தபோது பாட்டுத் தாள் கீழே விழுந்ததால்தான் ஸ்காட் பிறந்தது என்பார்கள். அழகான கதை, ஆனால் அதற்கு முந்திய பதிவுகளிலேயே ஸ்காட் இருக்கிறது. அதைச் சொல்லித் தொடங்கினால் பாடகர் உள்ளுக்குள் ஒரு பெருமூச்சு விடுவார்.

இன்னொரு விஷயம், என் சொந்த அபிப்பிராயம். எங்கள் ஊர் பட்டதை நாங்கள் மறக்கவில்லை, ஜாஸ் கறுப்பின மக்களின் வரலாற்றிலிருந்து வந்தது என்பதும் தெரியும். உடனே இரண்டையும் முடிச்சுப் போட்டு, உங்கள் வலியும் எங்கள் வலியும் ஒன்றுதானே என்று கேட்க நா துருதுருக்கும். வேண்டாம். அவர் ஆம் என்பதைத் தவிர என்ன சொல்ல முடியும்? அவராகத் தொட்டால் கேட்டுக்கொண்டிருங்கள்.

அப்புறம் மௌனம். அவர் பதிலை முடித்தது போல இருந்தால், வாயை மூடிக்கொண்டு நாலு எண்ணுங்கள். மூன்றாவதில் அவர் மறுபடி தொடங்குவார், நல்லது அங்கேதான் வரும். எங்கள் ஆட்கள் கதை கேட்கும்போது "ஓம், ஓம்" போடாமல் இருக்க மாட்டோம். நேரில் அது மரியாதை. சூமில் ஒவ்வொரு ஓமும் அவருடைய குரலை அரைச் செக்கன் அமுக்கிவிடும், பாடிக்காட்டும்போது வரியே அறுந்துபோகும். தலையை ஆட்டுங்கள், போதும்.

லைன், கரண்ட், மைக்

2022இல் நாட்டில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை கரண்ட் நின்ற காலம் போய்விட்டது. ஆனால் காற்றடித்தால் இப்போதும் நிற்கும். ரவுட்டருக்கு ஒரு சின்ன யூபிஎஸ் வாங்குங்கள். லப்டொப் தன் பற்றரியில் ஓடும், ரவுட்டர் ஓடாது, எல்லோரும் மறப்பது இதைத்தான். போனில் வேறு கம்பெனியின் டேட்டா போட்டு, ஹொட்ஸ்பொட் தயாராக வையுங்கள். நிலாவெளிப் பக்கமோ மூதூர்ப் பக்கமோ இருப்பவர்கள் வீட்டின் எந்த மூலையில் சிக்னல் நிற்கிறது என்று அதே நேரத்தில், அதே கிழமையில் ஒரு வாரம் முன்பே பாருங்கள். பகல் சிக்னலும் இரவு எட்டரைச் சிக்னலும் ஒன்றல்ல.

இலவச சூமில் நாற்பது நிமிடத்தில் அறை மூடிவிடும். ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டணம் கட்டுங்கள், அல்லது இரண்டு அமர்வாகப் பிரித்து நடுவில் தேத்தண்ணி குடியுங்கள். முக்கியமானது ஒலி அமைப்பு. சூம் சாதாரணமாகப் பேச்சு அல்லாத எல்லாவற்றையும் இரைச்சல் என்று நினைத்துத் தேய்த்துவிடும். நீட்டிப் பாடும் ஸ்வரமும் அதற்கு மின்விசிறிச் சத்தம்தான். அமைப்புகளில் 'ஒரிஜினல் சவுண்ட் ஃபோர் மியூசிசியன்ஸ்' என்று ஒன்று இருக்கிறது. அதைப் பாடகரின் பக்கத்தில் போடச் சொல்ல வேண்டும், உங்கள் பக்கத்தில் போட்டுப் பயனில்லை. அது போட்டால் எதிரொலியைத் தடுக்க இருவரும் ஹெட்போன் மாட்ட வேண்டும். ஒவ்வொருவர் குரலையும் தனிக் கோப்பாகப் பதியும் வசதியையும் போட்டு வையுங்கள். பாண் வண்டி உங்கள் தடத்தில் மட்டும் இருந்தால் பிறகு வெட்டி எறியலாம்.

யாராவது ஓர் ஆள் கட்டாயம் கேட்பார், அவர் பாட நாங்கள் இங்கிருந்து மிருதங்கம் வாசிக்கலாமே என்று. முடியாது. நியூயோர்க் இங்கிருந்து ஏறத்தாழ 14,000 கிலோமீட்டர். கண்ணாடி நாருக்குள் ஒளி செக்கனுக்கு 200,000 கிலோமீட்டர் அளவில்தான் ஓடும். நேர்கோட்டில் கேபிள் இருந்தாலே ஒரு வழிக்கு 70 மில்லிசெக்கன், உண்மையில் இன்னும் கூட. முப்பது மில்லிசெக்கனுக்கு மேல் போனாலே சேர்ந்து வாசிப்பது இழுபடத் தொடங்கும். ஒருவர் பாடி முடிய மற்றவர் பாடலாம், சின்னம்மா செய்தது போல.

அறை: ஓட்டு வீட்டு முன் விறாந்தை வேண்டாம். துணி அலுமாரி இருக்கும் படுக்கையறை நல்லது. கோயில் திருவிழா, பள்ளிவாசல், தேவாலயம், எதில் எப்போது ஒலிபெருக்கி என்று ஊரில் கேட்டுக்கொண்டு நாளை வையுங்கள். சீனக்குடாவில் இறங்கும் விமானத்துக்கு ஒன்றும் செய்ய முடியாது, கொஞ்சம் பொறுத்து அந்தக் கேள்வியைத் திரும்பக் கேளுங்கள்.

தமிழில் கேட்பவர்கள்

உரையாடல் ஆங்கிலத்தில் நடக்கும். கேட்பவர்களுக்கு உடனுக்குடன் முழு மொழிபெயர்ப்புக் கொடுக்கப் போனால் பாடகரின் ஓட்டம் செத்துவிடும். நாங்கள் செய்வது, இன்னொருவர் வாட்ஸ்அப் குழுவில் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் இரண்டு வரித் தமிழில் சாரத்தைப் போடுவார். கிண்ணியாவில், தம்பலகாமத்தில் இருந்து கேட்பவர்கள் குரல் குறிப்பாகக் கேள்வி அனுப்புவார்கள், அதைத் தெரிந்தெடுத்து நடத்துபவருக்குத் தள்ளுவதும் அவர் வேலைதான். ஸ்விங், ஸ்காட், கோரஸ் என்ற சொற்களைத் தமிழாக்க மெனக்கெடாதீர்கள். ஒரு தரம் விளக்கிவிட்டால் எல்லோரும் அப்படியே சொல்லிக்கொள்வார்கள். கோரஸுக்கு மட்டும் கவனம்: எங்களுக்கு அது கூட்டாகப் பாடுவது, அவர்களுக்கு பாட்டின் 32 பாரும் ஒரு முறை சுற்றி வருவது.

பதிவைப் போடும்போது

அவருடைய இசைத்தட்டிலிருந்து முழுப்பாட்டை எடுத்து நடுவில் செருகினால் யூடியூப் பிடித்துவிடும், சில வேளை காணொளியே முடங்கும். பாட்டின் இணைப்பைக் கீழே கொடுங்கள், உரையாடலில் அவர் வாயால் பாடிக் காட்டிய இரண்டு வரி போதும். பழைய பாட்டுத்தானே, உரிமை எல்லாம் முடிந்திருக்கும் என்று நினைக்காதீர்கள். இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி ஆக்கியவர் இறந்து எழுபது வருடம் வரை உரிமை இருக்கும். உதாரணத்துக்கு, பல ஸ்டாண்டர்ட் பாட்டுகளுக்கு மெட்டுப் போட்ட ஜோர்ஜ் கேர்ஷ்வின் 1937இல் போய்விட்டார், ஆனால் வரி எழுதிய அண்ணன் ஐரா 1983 வரை இருந்தார். பாடகர் பாடுவது இருவருடையதையும்.

வெட்டிய பதிவைப் போடுமுன் அவருக்கு அனுப்பி, ஒரு வாரம் அவகாசம் கொடுங்கள். எங்களுக்கு ஒருவர் ஒரே ஒரு இடத்தை நீக்கச் சொன்னார், பழைய கிளப் உரிமையாளரைப் பற்றிக் கோபத்தில் சொன்னதை. உடனே நீக்கினோம். அடுத்த இரண்டு விருந்தாளிகளை அறிமுகப்படுத்தியது அவர்தான்.

மாரி காலம்

ஒக்டோபர் கடைசியிலிருந்து ஜனவரி வரை புதிய அழைப்பு எதுவும் வைக்காதீர்கள். வாடைக்காற்றும் மழையும் கரண்டையும் லைனையும் என்ன செய்யும் என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. அந்த மாதங்களை எழுத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணித்தியாலப் பதிவைத் தமிழில் எழுதி எடுக்க எனக்கு நாலு மாலை பிடிக்கிறது, பாடிக் காட்டிய இடங்களை எப்படி எழுதுவது என்பதில் இன்னும் ஒரு மாலை. ஏப்ரல் 30 உலக ஜாஸ் தினம். அதற்கு ஒருவரைப் பிடிக்க வேண்டுமென்றால் பெப்ரவரியில் கடிதம் போக வேண்டும், அந்த நாளில் எல்லாப் பாடகருக்கும் எங்காவது மேடை இருக்கும். நாங்கள் இந்த முறை 29ஆம் திகதியைக் கேட்டிருக்கிறோம். சின்னம்மா இப்போதே அந்த ஆளின் பாட்டைக் கேட்கத் தொடங்கிவிட்டார், கொப்பியில் இரண்டு இடம் குறித்தும் வைத்திருக்கிறார். எனக்குக் காட்டமாட்டாராம்.